பிரசங்கியின் மகிழ்ச்சியும் வல்லக்கோட்டைச் சாலையும்: ஒரு திறனாய்வு

பிரசங்கியின் புத்தகம் நமது திருச்சபைகளில் பெரும்பாலும் இரண்டு வேளைகளிலேயே நினைக்கப்படுகிறது. ஒன்று அடக்க ஆராதனை. மற்றொன்று ஆண்டின் கடைசி இரவில் நடைபெறும் ஆராதனை. இவ்விரு வேளைகளிலும் அப்புத்தகத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் செய்தி ஒன்றே: உலகம் நிலையற்றது; அதன் இன்பங்கள் பொய்யானவை; ஆகவே அவற்றைவிட்டு மேலானவற்றை நாடவேண்டும் என்பது. அண்மைக் காலத்தில் இதற்கு நேர்மாறான வேறொரு பிரசங்கமும் நம்மிடையே பரவி வருகின்றது. காலைக் காப்பியின் மணம், குழந்தையின் சிரிப்பு, மழைக்குப்பின் எழும் மண்வாசனை ஆகிய சிறு மகிழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தால் கவலை தானே நீங்கும் என்று அது கூறுகிறது. முதல் பிரசங்கம் மகிழ்ச்சியைப் பறிக்கிறது. இரண்டாவது துயரத்தை மறைக்கிறது. இரண்டுமே உழைத்துக் களைத்தவருக்கு உதவுவன அல்ல.

துன்பம் நிறைந்த உலகில், நாள்தோறும் கணப்பொழுது வந்துபோகும் மகிழ்ச்சிக்கு இறையியலில் இடம் உண்டா? உண்டெனில், அதைப்பற்றிப் பேசத் தகுதியுடையவர் யார்? இவ்வினாக்களை எழுப்பி, பிரசங்கியின் புத்தகத்தையும், புறநானூற்றின் 194-ஆம் பாடலையும் அருகருகே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சி இவ்விடயத்தில் போதாது. ஆகவே திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட வல்லக்கோட்டைப் பகுதியின் தொழிலாளர் வாழ்வை உரைகல்லாகக் கொள்கிறோம்.

1. மாயை என்னும் சொல்

பிரசங்கியின் புத்தகத்தைத் தமிழில் வாசிப்பவர் முதலில் சந்திக்கும் தடை ஒரு சொல். எபிரேய மூலத்தில் 'ஹெபெல்' என்று 38 முறை வரும் சொல்லை, 1871-இல் வெளிவந்த ஹென்றி பவர் குழுவினரின் திருப்புதல் 'மாயை' என்று பெயர்த்தது. அச்சொல்லே ஒன்றரை நூற்றாண்டாகத் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளின் செவியில் ஒலித்து வருகிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் அதனை 'வீண்' என்று மாற்றியது. ஆயினும் ஹெபெல் என்பதன் அடிப்படைப் பொருள் மூச்சு, ஆவி என்பதேயாகும். குளிர்காலை வேளையில் வாயினின்று புறப்படும் ஆவி உண்மையாகவே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கையில் பிடிக்க நிற்பதில்லை. இருப்பதும் நில்லாததுமாகிய இத்தன்மையையே அச்சொல் குறிக்கிறது. அது இல்லாத ஒன்று இருப்பதுபோல் தோன்றும் பொய்த்தோற்றத்தைக் குறிப்பதன்று.

மொழிபெயர்த்த பெரியோரைக் குறைகூறுவது நம் கருத்தன்று. எந்தச் சொல்லும் ஒரு மண்ணில் வேரூன்றி வளர்ந்ததே. அதை எடுத்தாளும்போது அம்மண்ணும் உடன்வரும். தமிழகத்தில் மாயை என்றவுடன் உலகைத் தோற்றமாகக் கொள்ளும் அத்துவைதக் கொள்கை கேட்போர் நினைவில் எழுகிறது. சைவ சித்தாந்தம் மாயையை உலகிற்கு முதற்காரணமாகிய உள்பொருளாகவே கொள்ளினும், அந்நுட்பம் பொதுமக்கள் பேச்சில் நிலைபெறவில்லை. எல்லாம் மாயை என்று பலிபீடத்தினருகே நின்று கூறும்போது, 'நீ படும் துன்பமும் உண்மையன்று, நீ பெறும் இன்பமும் உண்மையன்று' என்னும் பொருளே சபையாரின் உள்ளத்தைச் சென்றடைகிறது.

இங்கு ஓர் உண்மை நோக்கத்தக்கது. மாயாவாதத்தை மறுத்து, உலகமும் உயிரும் உண்மையே, அவை இறைவனுக்கு உடலாக அமைந்தவை என்று நிறுவிய இராமானுசர் பிறந்த ஊர் இதே திருப்பெரும்புதூர். கி.பி. 1017-இல் அவர் பிறந்தார் என்பது மரபு. தாம் இயற்றிய ஸ்ரீபாஷ்யத்தில் மாயைக் கொள்கைக்கு எதிராக ஏழு தடைகளை அவர் எழுப்பினார். படைப்பு நல்லது என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் வாசிக்கும் நாம், அந்த ஊர் வழியே செல்லும்போதேனும், உலகைப் பொய்யென்று பேசும் நமது பழக்கத்தைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஹெபெல் என்பது ஆதாமின் இரண்டாம் மகனாகிய ஆபேலின் பெயருமாகும். எபிரேயத்தில் இரண்டும் ஒரே எழுத்துகளாலானவை. ஆபேலின் வாழ்வு குறுகியது, ஆனால் பொய்யானதன்று. அது ஒரு கையால் பறிக்கப்பட்டது. அவன் இரத்தம் நிலத்திலிருந்து கூப்பிட்டதாக வேதம் கூறுகிறது. நில்லாமை என்பது இயற்கையால் மட்டும் வருவதன்று, அநீதியாலும் வருவது என்னும் குறிப்பு அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. யூத மக்கள் இப்புத்தகத்தை அறுவடை மகிழ்ச்சி பொங்கும் கூடாரப் பண்டிகையில் வாசிப்பது வழக்கம் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவர்கள் விளைச்சலின் நடுவில் வாசித்ததை நாம் கல்லறையின் ஓரத்தில் மட்டும் வாசிக்கிறோம்.

2. இரண்டு வீடுகளின் பறை

பக்குடுக்கை நன்கணியார் என்னும் புலவர் பாடியதாகச் சங்க இலக்கியத்தில் நமக்குக் கிடைப்பது புறநானூற்றின் 194-ஆம் பாடல் ஒன்றே. ஏழே அடிகளில் அமைந்த அப்பாடலின் பொருளை நம் சொற்களில் கூறுவோம். ஒரு வீட்டில் இழவுப் பறை முழங்குகிறது. இன்னொரு வீட்டில் திருமண முழவு ஒலிக்கிறது. கணவனோடு கூடிய பெண் பூச்சூடி நிற்கிறாள். பிரிந்தவள் கண்ணீர் வடிக்கிறாள். உலகை இவ்வாறு படைத்தவன் பண்பில்லாதவன் என்று புலவர் வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டுகிறார். உலகின் இயல்பு கொடியது. அவ்வியல்பை அறிந்தவர் அதற்குள் இனியவற்றைக் காணட்டும் என்று பாடல் முடிகிறது.

1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பழைய உரையுடன் அச்சேற்றினார். அப்பழைய உரை இப்பாடலின் முடிவுக்குக் கூறும் விளக்கம் நமது ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. இனியவற்றைக் காணுதல் என்பதை, வீட்டின்பம் தரும் நற்செயல்களை அறிந்து செய்தல் என்று உரைகாரர் கொள்கிறார். பாடல் நிலையாமை உணர்த்தும் பெருங்காஞ்சித் துறையில் வைக்கப்பட்டிருப்பதும் இவ்விளக்கத்திற்குத் துணைசெய்கிறது. ஆனால் பாடலின் சொற்களில் வீடுபேற்றைப் பற்றிய பேச்சு எங்கும் இல்லை. பறையும் முழவும் பூவும் கண்ணீருமே உள்ளன. இவ்வுலகில் தேடச் சொன்னதை உரை மறுவுலகிற்கு நகர்த்திவிடுகிறது.

நமது திருச்சபையும் பிரசங்கிக்கு இதையே செய்தது என்பது நமது துணிபு. அதே 1894-ஆம் ஆண்டில்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்தது. 1678-இல் வெளிவந்த ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தைத் தழுவி, கம்பனின் சாயலில் தமிழ்க் காப்பியமாக எழுந்த அந்நூலின் இலக்கியச் சிறப்பை நாம் மிகவும் மதிக்கிறோம். ஆயினும் பனியன் கண்ட மாயாபுரிச் சந்தை பிரசங்கியின் சொல்லிலிருந்து பிறந்தது. விசுவாசி அச்சந்தையில் எதையும் வாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கடந்துபோக வேண்டியவன் ஆகிறான். இந்த யாத்திரிகப் படிமம் நமது பாமாலைகளிலும் கீர்த்தனைகளிலும் ஊறிப்போயிற்று. வழிப்போக்கனுக்கு வழியிலுள்ள வீட்டின் பறையொலி எதற்கு? மணவீடும் அவனுடையதன்று; இழவுவீடும் அவனுடையதன்று. ஆனால் நன்கணியார் வழிப்போக்கர் அல்லர். அவர் இரண்டு வீடுகளுக்கும் இடையிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

நன்கணியாரிடம் நாம் கற்கவேண்டிய இன்னொன்று, குற்றச்சாட்டையும் மகிழ்ச்சியையும் அவர் ஒரே மூச்சில் வைத்திருப்பது. படைத்தவனைப் பண்பிலி என்று கூறத் துணிந்தவரே இனியதைக் காணச் சொல்கிறார். யோபுவின் குரலை வேதத்தில் ஏற்றுக்கொண்ட நாம் இத்துணிவைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. முறையிடும் உரிமை மறுக்கப்பட்டவனிடம் மகிழச்சொல்லுதல் கட்டளையாகும். முறையிட்டு முடித்தவன் தானே கண்டுகொள்ளும் மகிழ்ச்சி வேறு.

பாடலுக்கு ஒரு குறையும் உண்டு. இழவுப் பறை ஏன் இந்த வீட்டில் முழங்குகிறது, அந்த வீட்டில் ஏன் முழங்கவில்லை என்று அது கேட்பதில்லை. எல்லாவற்றையும் படைத்தவன் தலையில் ஏற்றிவிட்டபின், மனிதர் செய்த கொடுமைக்கு அங்கே இடமில்லாமற் போகிறது. இவ்விடத்தில் பிரசங்கி ஒரு படி முன்னே செல்கிறார்.

3. பிரசங்கியின் ஏழு இடங்கள்

ஆங்கிலேய அறிஞர் ஆர். என். வைபிரே 1982-இல் எழுதிய கட்டுரையொன்றில் பிரசங்கியை மகிழ்ச்சியின் போதகர் என்று அழைத்தார். உண்டு, குடித்து, உழைப்பின் பலனில் மகிழுமாறு கூறும் ஏழு இடங்கள் இப்புத்தகத்தில் உள்ளன என்று அவர் எடுத்துக்காட்டினார்: 2:24–26, 3:12–13, 3:22, 5:18–20, 8:15, 9:7–10, 11:7–10. எல்லா அறிஞரும் இதற்கு உடன்படவில்லை. பிரசங்கியின் அடிநாதம் நம்பிக்கையின்மையே என்றும், மகிழ்ச்சி பற்றிய கூற்றுகள் வேறு வழியற்றவனின் ஆறுதலே என்றும் கூறுவோர் உள்ளனர்.

நமக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்த ஏழு இடங்களின் எண்ணிக்கையன்று. அவை நிற்கும் அயல். இரவிலும் இளைப்பாறாத மனம் உழைப்பினால் பெறுவதென்ன என்ற கேள்வியை அடுத்து முதல் இடம் வருகிறது. நியாயத்தலத்திலேயே அநியாயம் அமர்ந்திருக்கக் கண்டதன் பின்னர் மூன்றாம் இடம் வருகிறது. துன்மார்க்கனுக்கு உரியது நீதிமானுக்கு நேரிடுவதைக் கண்டு நொந்ததன் பின்னர் ஐந்தாம் இடம் வருகிறது. அப்பமும் திராட்சரசமும், வெள்ளாடையும் தலைக்கு எண்ணெயும், அன்புள்ள மனைவியும் ஒருங்கே பேசப்படும் ஆறாம் இடம், மரணம் யாவருக்கும் ஒன்றே என்ற கசப்பை ஒட்டி நிற்கிறது. துயரத்தைக் கண்டு கூறாமல் பிரசங்கி ஓரிடத்திலும் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவதில்லை. இவ்வொழுங்கைக் குலைத்து, மகிழ்ச்சி வசனத்தைமட்டும் பெயர்த்தெடுத்து நாட்காட்டியில் அச்சிடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

மேலும், அவர் கூறும் மகிழ்ச்சிக்கு ஒரு சட்டப்பெயர் உண்டு. அது 'ஹேலெக்', அதாவது பங்கு. கானானில் கோத்திரங்களுக்கு நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டபோது வழங்கிய சொல் அது. உழைத்தவன் தன் உழைப்பிலிருந்து உண்பது அவனுடைய பங்கு. அது தேவன் அளித்த ஈவு. ஆகவே மகிழ்ச்சி இங்கே ஒரு மனநிலை மட்டுமன்று. கைக்கு வந்துசேர வேண்டிய ஒன்று அது. பங்கு வந்து சேராதவனிடம் மகிழ்ச்சியைப் போதிப்பது, நிலமில்லாதவனிடம் விளைச்சலுக்கு நன்றி செலுத்தச் சொல்வதை ஒக்கும்.

இப்புத்தகம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், எகிப்தின் தாலமி அரசர்கள் பலஸ்தீனத்தை ஆண்ட காலத்தில் எழுந்தது என்பது அறிஞர் பலரின் முடிவு. புதிய நாணயப் பொருளாதாரமும், வரிகளை ஏலம் எடுத்து வசூலிக்கும் முறையும் சிற்றூர்களை நெருக்கிய காலம் அது. அக்கால அதிகாரி ஸேனோனின் பாப்பிரஸ் கடிதங்கள் அதற்குச் சான்று. அச்சூழலை முன்வைத்து, இலத்தீன் அமெரிக்க வேத அறிஞர் எல்ஸா தாமெஸ் இப்புத்தகத்தை வாசித்துள்ளார். எதிர்காலத்தின் கதவுகள் எல்லாம் அடைபட்ட வேளையில், அன்றாட உணவையும் உறவையும் விட்டுக்கொடுக்க மறுப்பது மனிதன் மனிதனாகவே நிலைப்பதற்கான வழி என்பது அவர் காட்டும் விளக்கத்தின் சாரம். 4:1-இல் ஒடுக்கப்பட்டோரின் கண்ணீரையும், அவர்களுக்குத் தேற்றரவாளர் இல்லாமையையும் பிரசங்கி காண்கிறார். 5:8-இல் ஏழை ஒடுக்கப்படுவதற்குப் பின்னால் அதிகாரிமேல் அதிகாரியாக அடுக்கி நிற்கும் அமைப்பைக் காண்கிறார். 5:12-இல் உழைப்பாளியின் இனிய உறக்கத்தையும், செல்வனின் உறக்கமின்மையையும் ஒப்பிடுகிறார்.

4. வல்லக்கோட்டைச் சாலையில்

வல்லக்கோட்டை முருகன் கோயில் அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். கிருத்திகை நாள்களில் அங்கே திரளும் மக்களுக்கு அது பழம்பதி. ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைந்த அச்சுற்றுவட்டாரம் இன்று வேறொன்றாகியிருக்கிறது. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம்–வடகால் எனத் தொழிற்பேட்டைகளை அடுத்தடுத்து அமைத்தது. 1998-இல் ஹூண்டாய் கார் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. 2010-இல் ரெனோ–நிசான் ஆலை ஒரகடத்தில் திறக்கப்பட்டது. ராயல் என்பீல்டு ஒரகடத்திலும் பின்னர் வல்லம்–வடகாலிலும் ஆலை அமைத்தது. 2006-இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. பல்லாயிரம் இளைஞருக்கு வாழ்வளித்த ஆலை எட்டே ஆண்டுகளில் மூடப்பட்டபோது, ஆவி என்னும் சொல்லுக்கு உரை தேட வேண்டியதில்லை.

இச்சாலையில் வேலைமுறை மாறும் நேரங்களில் ஆலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்கின்றன. அவற்றில் இருப்போர் பெரும்பாலும் இளைஞர். தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர். பலர் நிரந்தரப் பணியாளர் அல்லர். உற்பத்தி செய்யும் நிறுவனம் ஒன்று, ஆளனுப்பும் ஒப்பந்ததாரர் ஒருவர், விடுதி நடத்துபவர் ஒருவர், உணவு வழங்குபவர் இன்னொருவர். ஏதேனும் தீங்கு நேர்ந்தால் யாரிடம் கேட்பது என்பது தெரியாதவாறு ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி நிற்கும் இவ்வமைப்பைக் காண்பவர், பிரசங்கி 5:8-ஐ வேறு விளக்கமின்றிப் புரிந்துகொள்வர்.

இவ்வாழ்விலும் மகிழ்ச்சி உண்டு. பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைப்பது, உணவு இடைவேளையில் ஊரிலிருந்து வந்த ஊறுகாயைப் பகிர்ந்துகொள்வது, சம்பள நாளன்று தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அனுப்பிவிட்டோம் என்னும் நிறைவு, இரவு வேலை முடிந்தபின் அம்மாவின் குரலைக் கைப்பேசியில் கேட்பது, விடுமுறை நாளில் தலைக்குக் குளித்துப் பூச்சூடி நண்பிகளோடு கடைத்தெருவுக்குச் செல்வது. இவற்றைச் சிறியவை என்று நாம் கூறலாகாது. ஒரு நாளின் எட்டு மணி நேரத்தையும் அதற்கு மேலும் இயந்திரத்தின் வேகத்திற்குக் கொடுத்துவிட்டவருக்கு, எஞ்சிய நேரத்தில் தன் மனதோடு செய்யும் ஒவ்வொன்றும் பெரிது. இவற்றை மாயை என்று கூறும் பிரசங்கியாரிடம் அவர்கள் ஏன் செவிகொடுக்க வேண்டும்?

ஆனால் இம்மகிழ்ச்சி எதன்மேல் நிற்கிறது என்பதையும் நாம் பார்க்கவேண்டும். 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்திலுள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சிலரின் நிலை என்னவென்று அறிய முடியாமல், அவர்கள் இறந்துவிட்டனர் என்ற வதந்தியும் பரவிய நிலையில், பெண்கள் இரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். தொழிலாளரின் விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில, வேண்டிய தரத்தில் இல்லை என்பதை அவ்வாலையிலிருந்து கைப்பேசி வாங்கும் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை 2022 சனவரி 12-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பின்னர் வல்லம்–வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பை அரசு கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. சாலையில் அமர்ந்த அப்பெண்கள் கேட்டது பெரிய தத்துவம் ஒன்றும் அன்று. உண்ணத்தக்க சோறும், படுக்கத்தக்க இடமும், தோழியைப் பற்றிய உண்மையுமே அவர்கள் கேட்டவை. பிரசங்கி தேவன் அளித்த ஈவு என்று கூறிய உணவும் உறக்கமுமே அன்று நெடுஞ்சாலையில் வழக்காக நின்றன.

மூன்றாவது ஒன்றும் உண்டு. 4:9–12-இல் ஒருவனைவிட இருவர் நலம் என்பதற்குப் பிரசங்கி காரணங்கள் கூறுகிறார்: விழுந்தவனைத் தூக்கிவிட ஒருவன், குளிரில் வெம்மைக்கு ஒருவன், எதிரியைத் தாங்க ஒருவன். இப்பகுதியை நாம் திருமண ஆராதனைகளில் வாசித்து வருகிறோம். மூலத்தில் அது உழைப்பைப் பற்றிய பேச்சு. 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வோடு, தாங்கள் அமைத்த சங்கம் ஏற்கப்படவேண்டும் என்பதும் அவர்களின் தலையாய கோரிக்கை. அச்சங்கம் 2025 சனவரியில் பதிவு பெற்றது. தொழிற்சங்க அரசியலில் யார் பக்கம் நிற்பினும், ஒருவரையொருவர் தூக்கிவிடும் உரிமையைக் கேட்டுப் பெறவேண்டியிருந்தது என்னும் செய்தியை வேதம் வாசிப்போர் கவனியாதிருக்க முடியாது.

5. எழும் ஐயங்கள்

மகிழ்ச்சியைப் பற்றிப் பேசினால் போராட்டம் மழுங்காதா என்று நண்பர் சிலர் கேட்பர். இது நேர்மையான கேள்வி. உள்ளதில் நிறைவு கொள் என்று உண்டவன் உண்ணாதவனிடம் கூறுவது பழைய தந்திரம். சமயம் அதற்கு வாய்கொடுத்த நாள்கள் பல. ஆகவே நாம் ஓர் அளவுகோலைக் கூறுகிறோம்: மகிழ்ச்சியைப் பற்றிக் கூறுபவர் யார், யாரிடம் கூறுகிறார் என்று பாருங்கள். ஊறுகாயைப் பகிர்ந்த தொழிலாளி தன் மகிழ்ச்சியைத் தானே கூறினால் அது சாட்சி. அதையே எடுத்து, இவர்கள் இவ்வளவில் மகிழ்ந்திருக்கிறார்களே என்று மேலாளரோ போதகரோ கூறினால் அது கணக்கு முடிப்பு. சொற்கள் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று.

மகிழ்ச்சி போராட்டத்தை மழுக்கும் என்பதும் முழு உண்மையன்று. இழப்பதற்கு இனியது ஒன்றும் இல்லாதவர் எதைக் காக்கப் போராடுவார்? நல்ல சோற்றின் சுவை அறிந்திருந்ததனால்தான் கெட்ட சோறு அநீதி என்று தெரிந்தது. நாசிகளால் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட போன்ஹோபர், தம் சிறைக் கடிதங்களில், தேவன் அளிக்கும் பூவுலக இன்பத்தை அதன் வேளையில் முழுமையாக ஏற்கவேண்டுமென்றும், அவ்வேளையிலும் மறுமையையே ஏங்கி நிற்பது பக்தியாகாது என்றும் எழுதினார். அநீதியோடு உடன்படாமையால் சிறையிலிருந்தவர் எழுதியது அது.

மற்றோர் ஐயம் பிரசங்கியைப் பற்றியதே. அவர் கண்ணீரைக் கண்டார்; தேற்றுவார் இல்லை என்று இருமுறை கூறினார்; ஆயினும் தாம் எழுந்துபோய்த் தேற்றினாரா? இரண்டாம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டங்களும் வேலைக்காரரும் உடையவராகப் பேசுபவரின் குரலே அது. கண்டு சொல்லும் நேர்மை அவரிடம் இருக்கிறது. ஆமோஸின் கோபம் அவரிடம் இல்லை. நன்கணியாரைப் போலவே அவரும் பார்வையாளராகவே நின்றுவிடுகிறார். அவ்விருவர் ஏட்டிலும் அழுத பெண்ணின் சொந்தக் குரல் கேட்பதில்லை. வேதம் இப்புத்தகத்தைத் தனியே விட்டுவிடாமல் தீர்க்கதரிசிகளோடும் சுவிசேஷங்களோடும் சேர்த்துக் கட்டியிருப்பதன் காரணம் இதுவே எனலாம்.

சுவிசேஷங்களில் மகிழ்ச்சி பந்தியில் காணப்படுகிறது. போஜனப்பிரியன் என்று பழிக்கப்பட்டவர் நம் ஆண்டவர். அவர் ஆயக்காரரோடும் பாவிகளோடும் அமர்ந்து உண்டார். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலேயே அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். இழவுப் பறையும் மணமுழவும் ஒரே மேசையில் கேட்ட இரவு அது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, மக்கள் அன்போடு அழைத்த பறட்டை அண்ணன், 'ஓர் உலை' என்னும் கருத்தைத் தம் இறையியலின் நடுவில் வைத்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்ணும் குடும்பமே தேவனுடைய ஆட்சியின் வடிவம் என்பது அவர் போதனை. பிரசங்கியிடம் தனி மனிதனின் பங்காக நின்ற சோறு, இங்கே பொதுப் பந்தியாகிறது. விடுதிச் சோற்றுக்காக நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்களை, உலையின் பெயரால் இறையியல் செய்த அம்மரபு எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும்.

6. திருச்சபைக்கு

இதுவரை கூறியவற்றால் திருச்சபை செய்யத்தக்கன சில தெளிவாகின்றன. பிரசங்கியின் புத்தகத்தை அறுப்பின் பண்டிகையிலும் வாசிக்கவேண்டும். நெல்லும் வாழைத்தாரும் படைக்கும் அந்நாளில், வயலை இழந்து ஆலைக்குச் சென்ற குடும்பத்தாரின் உழைப்பும் படைக்கப்படவேண்டும். மகிழ்ச்சி வசனம் எதனையும் அதன் அயலிலுள்ள கண்ணீர் வசனத்தோடு சேர்த்தே வாசிக்கவேண்டும். மாயை என்னும் சொல் வரும்போது, அது உலகைப் பொய்யென்று கூறுவதன்று, மூச்சைப்போல் அருமையானதும் குறுகியதும் ஆகும் என்று போதகர் விளக்கவேண்டும்.

இரவு வேலை செய்வோருக்கு ஞாயிறு காலை ஆராதனை எட்டாதது. அவர்கள் வருகைப் பதிவேட்டில் இல்லாததால் விசுவாசத்தில் குறைந்தவர் என்று எண்ணுவதை விட்டு, அவர்கள் உறங்கும் வேளையை மதித்து வேறு வேளையில் கூடிவர வழிசெய்யவேண்டும். உழைப்பாளியின் உறக்கத்தை இனியது என்று வேதம் கூறியிருக்க, ஒலிபெருக்கியால் அதனைக் கலைப்பது பக்தியாகாது. ஊரைவிட்டு வந்து விடுதிகளில் வாழும் பெண்களிடம் நாம் செல்லும்போது, போதனையோடு செல்லாமல் முதலில் கேட்கச் செல்லவேண்டும். உங்களுக்கு இன்று இனியது எது, இன்னாதது எது என்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கவேண்டும். ஒன்றைமட்டும் கேட்பவர் பாதி வாழ்வையே கேட்கிறார்.

வேலை முடிந்து திரும்பும் பேருந்தில் ஒருத்தி தோழியின் தோளில் சாய்ந்து சற்றுக் கண்ணயர்கிறாள் என்றால், அந்தக் கால்மணி நேரத்து உறக்கம் தேவன் அளித்த ஈவு. அதனை நாம் மனதார நம்பவேண்டும், நம்பிப் பிரசங்கிக்கவேண்டும். அவள் உறங்க அதைவிட நல்ல இடமும் நீண்ட நேரமும் அவளுடைய பங்கு என்பதையும் அதே பிரசங்கத்தில் நாம் கூறவேண்டும்.